63 சண்டை, ஒரு பேரேடு: செட்டிநாட்டுப் பையன் ஒருத்தனோட நிகழ்வு ஆய்வு

முதல்லயே சொல்லிடறேன், இதுல வர்ற பையன், அவங்க அம்மா, அப்பா, அப்பத்தா நாலு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் எதுவும் போடல, ஊரையும் மாத்திட்டேன், காரைக்குடியைச் சுத்தி இருக்கற ஏதோ ஒரு செட்டிநாட்டு ஊர்னு வச்சுக்குங்க. தொழில், தேதி மாதிரி விஷயத்துலயும் கொஞ்சம் கை வச்சிருக்கேன். கை வைக்காம விட்டது அவன் எழுதி வச்சிருந்த வரிகளை மட்டும்தான், அதுவும் "இதைப் போட்டுக்குங்க மிஸ்"னு அவனே காட்டினது மட்டும். பையனை இங்க தம்பின்னே சொல்றேன்.

வந்தது வயித்து வலிக்கு

தம்பிக்கு 16 வயசு, பதினொண்ணாவது, கம்ப்யூட்டர் குரூப். ஜூலைல இருந்து வயித்து வலி, தொப்புளைச் சுத்தி, வாரத்துல நாலு நாளாவது. மூணு டாக்டர் பாத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தம் மோஷன் எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாமே நார்மல். மூணாவது டாக்டர்தான் "வலி நிஜம்தான், ஆனா வயித்துல இருந்து கிளம்பற மாதிரி தெரியல, ஒரு கவுன்சிலரைப் பாருங்க"ன்னு என்கிட்ட அனுப்பினார். நவம்பர் முதல் வாரம் செக்காலைல இருக்கற என் ரூமுக்கு அம்மாவோட வந்தான். மெலிஞ்ச பையன், ஸ்கூல் பேக்கை மடியில வச்சுக்கிட்டே உக்காந்தான், நாப்பத்தஞ்சு நிமிஷமும் அதை இறக்கவே இல்ல.

வீட்ல எல்லாம் எப்படிப்பான்னு கேட்டேன். "எல்லாம் ஓகே மிஸ்." அம்மாகிட்ட தனியா கேட்டேன். "எல்லா வீட்லயும் இருக்கறதுதான் மேடம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்க அவன் முன்னாடி எதுவும் பேசிக்க மாட்டோம்." இந்தக் கடைசி வரியை நான் எத்தனை அம்மா அப்பாகிட்ட கேட்டிருப்பேன்னு கணக்கே கிடையாது. அவன் முன்னாடி பேசல, சரி, எங்க பேசினீங்கன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும், கேக்கல.

எஸ்டிக்யூன்னு பசங்களோட மனநிலை, நடத்தையைப் பாக்கற ஒரு கேள்வித்தாள் இருக்கு, ராபர்ட் குட்மேன் 1997-ல போட்டது, மொத்தம் 25 கேள்வி, அதுல 20 கேள்வியோட மார்க்கைக் கூட்டி 40-க்குப் பாப்போம். பசங்களே பூர்த்தி பண்றதா இருந்தா 20-ம் அதுக்கு மேலயும் வந்தா கவனிச்சே ஆகணும். தம்பிக்கு 22, அதுல மனசு சம்பந்தப்பட்ட அஞ்சு கேள்வியில மட்டும் பத்துக்கு 9. "எல்லாம் ஓகே"ன்னு சொன்ன அதே பையன்தான்.

வீடு

வீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா இந்தக் கேஸ்ல வீடும் ஒரு ஆள் மாதிரி. கொள்ளுத்தாத்தா பர்மாவுல சம்பாதிச்சு கட்டின வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுத்தின இடமும்), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு தெரு ஒண்ணுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். பர்மா தேக்குல தூணு, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை. வளவைச் சுத்தி ஒவ்வொரு மகன் வழிக்கும் ஒரு அறை. இப்போ பங்காளிங்க எல்லாம் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்னு போயிட்டாங்க, அவங்க அறைல எல்லாம் பூட்டுத் தொங்குது, கல்யாணம் காட்சின்னாதான் தெறக்கும். மிச்சம் குடியிருக்கறது நாலே பேர். தம்பி, அம்மா, அப்பா, 77 வயசு அப்பத்தா.

செவுரெல்லாம் ஒரு முழத்துக்கு மேல கனம், அறைக்கதவைச் சாத்திட்டா எதுவும் வெளிய கேக்காதுன்னு பெரியவங்க நெனச்சுக்கறாங்க. ஆனா வளவு நடுவுல வானம் பாத்துத் தெறந்து கிடக்கே. மாடில பேசினா அந்தத் தெறப்பு வழியா இறங்கி வளவு முழுக்கச் சுத்தும். ஜனங்க நெறஞ்சிருந்த காலத்துல அந்த இரைச்சல்ல ஒருத்தர் சண்டை இன்னொருத்தருக்குக் கேட்டிருக்காது, இப்ப காலி வீடு, சொம்பு உருண்டாலே முகப்பு வரைக்கும் கேக்குது.

அப்பா சென்னைல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில வேலை பாத்தவர். கல்யாணம் ஆனதுல இருந்து அம்மா இங்க, அவர் அங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை பல்லவன் எக்ஸ்பிரஸ்ல வருவார், ராத்திரி நேரத்துல காரைக்குடி ஸ்டேஷன். சின்னப் பையனா இருக்கும்போது தம்பி தூங்காம முழிச்சுக்கிட்டுக் கெடப்பானாம், ஆட்டோ சத்தம் கேட்டதும் முகப்புக்கு ஓடுவானாம். அந்த ரெண்டு நாளும் வீட்ல விருந்துதான், சண்டைக்கு எங்க நேரம். 2020 லாக்டவுன்ல கம்பெனி ஆள் கொறைச்சாங்க, அப்பா பெட்டியோட வந்து எறங்கிட்டார். அதுவரைக்கும் ரயில் தாங்கிட்டிருந்த கல்யாணம்னு நான் மனசுக்குள்ள நெனச்சுக்குவேன். இந்தப் பக்கம் இது புதுசும் இல்ல, ஆம்பளைங்க கடல் தாண்டிப் போறதும் பொம்பளைங்க வீட்டை ஆள்றதும் மூணு நாலு தலைமுறையாப் பழகினதுதான். அப்பத்தாவே பின்னாடி ஒருநாள் சொன்னாக, "எங்க வீட்டுக்காரக மலேயாவுல இருந்து மூணு வருசத்துக்கு ஒருக்கத்தான் வருவாக, வந்தா ஆறு மாசம். அவுக இங்கயே கெடந்திருந்தா நானும் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பேனோ என்னமோ, யாரு கண்டா."

ஊருக்கு வந்த அப்பா ஃப்ரெண்ட் ஒருத்தரோட சேர்ந்து ஹார்ட்வேர் கடை போட்டார், ரெண்டு வருஷத்துல படுத்துருச்சு. அதுக்கு முதல் போட அம்மாவோட சீர் நகையை பேங்க்ல வச்சிருக்கார், அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்னு லாக்கரைத் தெறந்தப்பதான் அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த ஊர்ல சீர்ங்கறது வெறும் நகை இல்ல, எத்தனை பவுன் எத்தனை வெள்ளிச் சாமான்னு எழுதி வச்சுக் கொடுக்கறது, அப்பன் வீடு பொண்ணுக்கு வச்ச மரியாதை. அம்மாவுக்கு நகை போனதை விட அவர் சொல்லாததுதான் ஆறவே இல்ல. அப்பாவுக்கோ தோத்துட்டோம்ங்கற வெக்கம், அது பேச்சா வராம கோவமாத்தான் வந்துச்சு. ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சுக் கேட்டவ நான், ரெண்டு பேர்லயும் கெட்டவங்க யாரும் இல்ல.

அதுக்கப்புறம் அப்பா மாடிக்குப் போயிட்டார். இருபது ரூம் இருக்கற வீட்ல புருஷன் பொண்டாட்டி பிரியறதுக்கு வாசப்படி தாண்டவே வேண்டாம் பாருங்க. ஊருக்குத் தெரியாது, சொந்தத்துக்குத் தெரியாது. பையன்கிட்ட "அப்பாவுக்கு முதுகு வலி, மேல காத்து வருது"ன்னு சொல்லியாச்சு.

நான் பண்ண தப்பு

மூணாவது செஷன்ல அம்மா உடைஞ்சு எல்லாத்தையும் சொன்னாங்க. உடனே நான் தம்பியைக் கூப்பிட்டு, ரொம்ப நேர்மையாப் பேசறதா நெனச்சுக்கிட்டு, "ஒருவேளை அவங்க பிரிஞ்சாங்கன்னா நீ யார்கூட இருக்க ஆசைப்படுவே?"ன்னு கேட்டுட்டேன். பதினேழு வருஷமா இந்த வேலை பாக்கறேன், அந்தக் கேள்வியை அந்த இடத்துல கேட்டிருக்கவே கூடாது. அவன் மூஞ்சி வெளிறிப் போச்சு, என் ரூம்லயே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டான். அடுத்த ரெண்டு வாரம் வரல. "டியூஷன் இருக்காம்"னு அம்மாகிட்ட இருந்து மெசேஜ்.

வீட்ல எல்லாரும் மறைமுகமா அவன்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்த கேள்வியை நான் நேரா கேட்டுட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நோம்பு அன்னிக்கு

டிசம்பர்ல பிள்ளையார் நோம்பு வந்துச்சு. தெரியாதவங்களுக்காக: திருக்கார்த்திகைல இருந்து 21-ம் நாள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள்ல கும்பிடறது. 21 நூல் இழையைத் திரியாக்கி, மாவுல வச்சு நெய்யில ஏத்தி, வீட்ல மூத்தவர் ஒவ்வொருத்தருக்கும் எடுத்துக் குடுப்பார், அந்தச் சுடரோடயே வாயில போட்டுக்கணும், இழை எடுக்கறதுன்னு பேரு. எந்த ஊர்ல எந்த நாட்டுல இருந்தாலும் விட மாட்டாங்க. அந்த வருஷம் பங்காளி வீட்டு ஆளுங்க எல்லாம் வந்து பூட்டின அறையெல்லாம் தெறந்து வளவு நெறைய ஜனம். அப்பா மாடியை விட்டு எறங்கி வந்து அம்மா பக்கத்துல நின்னிருக்கார், அம்மா பட்டுப்புடவை, ரெண்டு பேரும் சிரிச்ச மூஞ்சி. யாரோ ஒரு அத்தை கருப்பட்டிப் பணியாரத்தைத் தட்டுல வச்சுக்கிட்டே "ரெண்டு பேரும் அப்படியே இருக்கீகளே, கண்ணு பட்ரப் போகுது"ன்னு சொல்லியிருக்காங்க.

பெரியப்பா இழை குடுத்தார். தம்பி வாங்கினான், வாயில போடல. கையிலயே வச்சுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கான், நெய்யி விரல்ல வழிஞ்சு சுடர் விரல் நுனி வரைக்கும் எறங்கிருச்சு, அவன் உதறல. அம்மா பாத்துட்டுத் தட்டி விட்டாங்க. அப்பா "பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானே உன் வேலை"ன்னு சொல்ல, அம்மா "என் வேலை என்னன்னு நீங்க சொல்றீகளா"ன்னு ஆரம்பிக்க, மூணு வருஷமா மாடில அடக்கி வச்சிருந்தது அவ்வளவும் பிள்ளையார் முன்னாடி, பங்காளி பத்துப் பேர் முன்னாடி வெளிய வந்துருச்சு. தம்பி நடுவுல நின்னு சிரிச்சிருக்கான். நிறுத்தவே முடியல மிஸ்னு பின்னாடி சொன்னான், சிரிப்பு தானா வந்துச்சாம், எல்லாரும் அவனைத்தான் ஒரு மாதிரி பாத்தாங்களாம்.

மறுநாளே அவனா ஃபோன் பண்ணான். விரல்ல கொப்புளத்தோட வந்தான். வழக்கமான முதல் கேள்வியை நேரடியாவே கேட்டேன், சாகணும்னு தோணுதாடான்னு. "சாகணும்னு இல்ல மிஸ், நான் இல்லாம இருந்தா இவங்களுக்கு ஈசியா இருக்கும்னு தோணும்." திட்டம் எதுவும் இல்ல, முயற்சி எதுவும் இல்ல, ஆனாலும் இந்த வரியைக் கேட்டுட்டு சும்மா விட முடியாது. இதை மட்டும் வீட்ல சொல்லியாகணும், எப்படிச் சொல்லணும்னு நீ சொல்லுன்னு அவன்கிட்டயே கேட்டு, அவன் முன்னாடியே அம்மா அப்பா ரெண்டு பேரையும் கான்ஃபரன்ஸ் கால்ல போட்டுச் சொன்னேன். ராத்திரி அந்த நெனப்பு வந்தா யாரை எழுப்பணும்னு எழுதினோம் (அப்பத்தா பேரைத்தான் முதல்ல எழுதினான்), மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 நம்பரும் பிள்ளைங்களுக்கான சைல்டு லைன் 1098 நம்பரும் ஃபோன்ல சேவ் பண்ணான், வாரம் ரெண்டு தடவை வரச் சொன்னேன்.

பேரேடு

அன்னிக்குத்தான் மடியில இருந்த பேக் கீழ எறங்குச்சு. உள்ளேருந்து பழைய துணியில சுத்தின ஒரு தடி நோட்டை எடுத்தான். கொள்ளுத்தாத்தாவோட பர்மாக் கடைப் பேரேடு. மாடி அறைல பெட்டகத்துக்குள்ள கெடந்ததாம். முன்பக்கம் எல்லாம் பற்று, வரவு, வட்டி, நெல்லு வித்த கணக்கு, 1941-ல கடைசி வரி, அதுக்கப்புறம் வெள்ளைத் தாள். 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்போ கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டுக் கிளம்பினவங்க கதை இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கு. அந்தக் கணக்கு நின்ன இடத்துல இருந்து ஒரு பக்கம் தள்ளி தம்பி ஆரம்பிச்சிருந்தான். கொள்ளுத்தாத்தா மாதிரியே மேல "சிவமயம்"னு போட்டு.

ஒரு பதிவு அப்படியே தர்றேன்.

"நவம்பர் 9. இரவு 11.20 முதல் 12.05. இடம்: மாடி. காரணம்: கேஸ் புக் பண்ணலை. ஆரம்பிச்சது: அம்மா. பழசு எடுத்தது: அப்பா. அழுதது: அம்மா. கதவு: அப்பா. முடிச்சது: அப்பத்தா இருமல்."

இன்னொண்ணு. "அக்டோபர் 2. லீவு. மாடியில் இண்டக்சன் அடுப்பு ஒன்று, பாத்திரம் மூன்று வரவு. யாரும் எதுவும் சொல்லவில்லை. சண்டை இல்லை."

எனக்கு இந்த ரெண்டாவதுதான் தூக்கம் கெடுத்துச்சு. நகரத்தார் வீட்ல வேறு வைக்கறதுன்னு ஒரு வழக்கம் உண்டு, கல்யாணம் ஆன ஜோடிக்கு அதே வீட்டுக்குள்ள தனி அடுப்பு போட்டுக் குடுத்து தனிக் குடித்தனம் பழக்கறது. அப்பத்தா வாயில இருந்து அந்தக் கதையெல்லாம் கேட்டு வளந்த பையன் அவன், ஒரு வீட்ல இன்னொரு அடுப்பு வந்தா என்ன அர்த்தம்னு அவனுக்குத் தெரியாதா. பெரியவங்க முதுகு வலின்னு சொல்லிக்கிட்டு இருந்தப்போ அவன் அடுப்பை வரவு வச்சுட்டான்.

மொத்தம் 63 சண்டை, 14 மாசத்துல. கடைசிக் கட்டம் ஒண்ணு இருந்துச்சு, தலைப்பு "என்னால்". அதுல 22 டிக். டியூஷன் ஃபீஸ், லேப்டாப், ஸ்போர்ட்ஸ் ஷூ, ராத்திரி லேட்டா வந்தது, அவனை இன்ஜினியரிங் சேக்கறதா ஆடிட்டர் படிக்க வைக்கறதா. அவன் பேர் எதுல வந்தாலும் ஒரு டிக்.

இதெல்லாம் எதுக்குடா எழுதினேன்னு கேட்டேன். ரொம்ப சாதாரணமாச் சொன்னான். "கோர்ட்டுக்குப் போனா என்னைக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்கல்ல மிஸ். அப்ப ஒருத்தர் பக்கமா சொன்ன மாதிரி ஆயிடக் கூடாது. கணக்கு இருந்தா கணக்கைக் குடுத்துடலாம்."

அப்பதான் எனக்கு உறைச்சது. நாம இவனை சாட்சின்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம், இவன் தனக்கு ஒரு உத்தியோகமே போட்டுக்கிட்டான். பகல்ல செட்டியார் கடைல எடுபிடிக்கு நிக்கற பெட்டியடிப் பையன் மாதிரி ரெண்டு பேர் சேதியையும் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடறது ("உங்கப்பாகிட்ட சொல்லு கரண்ட் பில் வந்திருக்குன்னு", "உங்கம்மாகிட்ட சொல்லு நான் வெளிய சாப்பிட்டுக்கறேன்னு"), ராத்திரி கணக்கப்பிள்ளை மாதிரி முழிச்சுக்கிட்டு எழுதறது. எழுதறதுக்காகவே தூங்க மாட்டானாம். சண்டை இல்லாத ராத்திரியும் ஒன்றரை மணி வரைக்கும் காது குடுத்துக்கிட்டுப் படுத்திருப்பானாம், விட்டுப் போயிடக் கூடாதுன்னு.

அன்னிக்கு என் பேனா வேற தீந்து போச்சு, அவன் பேனாவை வாங்கித்தான் நோட்ஸ் எழுதினேன்.

நான் புரிஞ்சுக்கிட்ட விதம்

படிச்ச வார்த்தையில சொன்னா இது முக்கோணச் சிக்கல். ரெண்டு பேருக்கு நடுவுல சூடு தாங்கலைன்னா மூணாவதா ஒருத்தரை உள்ள இழுத்துக்குவாங்கன்னு குடும்ப சிகிச்சை நிபுணர் மர்ரே போவன் சொன்னது, அதே துறையில மினுச்சினும் கிட்டத்தட்ட அதையே குடும்ப அமைப்பை வச்சுச் சொன்னார். கிரைச், ஃபின்சம்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990-ல இன்னொரு கோணத்துல பாத்தாங்க: அப்பா அம்மா சண்டையைப் பிள்ளை பாக்கறது மட்டும் இல்ல, அதுக்குள்ள ரெண்டு கணக்குப் போடுது, எனக்கு ஆபத்து எவ்வளவு, இதுல என் தப்பு எவ்வளவு. தம்பியோட "என்னால்" கட்டத்தைப் பாத்ததும் எனக்கு அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வந்துச்சு, அவங்க பேப்பர்ல எழுதினதை இவன் கட்டம் போட்டு டிக் அடிச்சு வச்சிருந்தான்.

"பிள்ளைக்காகத்தான் சேர்ந்து இருக்கோம்"னு ரெண்டு பேரும் என்கிட்ட தனித்தனியா சொன்னாங்க. அமட்டோவும் கீத்தும் 1991-ல 92 ஆய்வுகளை, 13 ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்களைச் சேத்துப் பாத்தாங்க. பிரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பாதிப்பு உண்டு, ஆனா சராசரியாப் பாத்தா சின்ன வித்தியாசம்தான், அதை விட ஓயாத சண்டையோட பிரியாம இருக்கற வீட்டுப் பிள்ளைங்க நெலமைதான் மோசமா இருந்துச்சு. இதை நான் விவாகரத்துக்கு ஆதரவாச் சொல்லல. பிரியறதும் சேர்றதும் அவங்க பாடு. ஆனா பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டு மூணு வருஷம் மாடிக்கும் கீழுக்கும் பனிப்போர் நடத்தினா அந்தப் பிள்ளை அதுக்கு வாடகை குடுத்துக்கிட்டுத்தான் இருக்கும், தம்பி வயித்து வலியாக் குடுத்தான்.

என்ன செஞ்சோம்

மொத்தம் 14 செஷன், அதுல அம்மா அப்பாவோட மட்டும் அஞ்சு.

முதல் வேலை கோர்ட் பயம். தெரிஞ்ச வக்கீல் அக்கா ஒருத்தங்களை அரை மணி நேரம் உக்கார வச்சேன். அவங்க அவனுக்குப் புரியற மாதிரி சொன்னாங்க: 1955 இந்து திருமணச் சட்டத்துல 13பி-ன்னு ஒரு பிரிவு, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது, அதுல யார் மேல தப்புன்னே நிரூபிக்க வேண்டாம், அதனால சாட்சிக்கு வேலையே இல்ல. ஒரு வருஷம் தனியா வாழ்ந்திருக்கணும். ஒரே கூரைக்குக் கீழ இருந்தாக்கூட புருஷன் பொண்டாட்டியா வாழலைன்னா அது தனியா வாழ்ந்ததுதான்னு 1991-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. (இதைக் கேட்டதும் தம்பி "அப்ப அடுப்பு வந்ததுல இருந்தே கணக்கா"ன்னான், வக்கீல் அக்கா என்னைப் பாத்தாங்க.) மனு போட்டதுக்கு அப்புறம் ஆறு மாசத்துல இருந்து 18 மாசத்துக்குள்ள திரும்ப வந்து உறுதியாச் சொல்லணும், அந்த ஆறு மாசத்தைத் தேவைப்பட்டா கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல தீர்ப்பு வந்திருக்கு. யார்கூட இருக்கறதுங்கறது தகராறா ஆனாத்தான், அவன் வயசுப் பிள்ளையோட விருப்பத்தையும் ஜட்ஜ் கேக்கலாம், 1890-ல வந்த கார்டியன் சட்டத்துலயே அதுக்கு இடம் உண்டு, அதையும் பொதுவா கூண்டுல ஏத்தி இல்ல, அறைக்குள்ள கூப்பிட்டுத்தான் பேசுவாங்க. அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டான். "அப்ப யாரும் இந்த நோட்டை வாங்க மாட்டாங்களா?" வாங்க மாட்டாங்கன்னாங்க. அவனுக்குக் கொஞ்சம் ஏமாத்தமாக்கூட இருந்துச்சுன்னு நெனக்கறேன்.

ரெண்டாவது அந்த 22 டிக். உன்னால இல்லடா உன்னால இல்லடான்னு வாயால சொல்லி ஒரு புண்ணியமும் கிடையாது, எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. கணக்கு எழுதறவன்கிட்ட கணக்காலதான் பேசணும். நீ வீட்ல இல்லாத நாள் எதுவும் இருக்கான்னு கேட்டேன். செப்டம்பர்ல அஞ்சு நாள் என்எஸ்எஸ் கேம்ப் போயிருந்தான், பேரேட்டுல அந்த இடம் காலி. "நான் இல்ல, அதனால சண்டை இருந்திருக்காது"ன்னு சொன்னான். யாரைக் கேட்டாத் தெரியும்? அப்பத்தாவை. அடுத்த செஷனுக்கு அப்பத்தாவைக் கூட்டிட்டு வந்தான், படி ஏற முடியாம மூச்சு வாங்கிக்கிட்டு வந்து உக்காந்தாக.

"அந்த அஞ்சு நாளா? அய்ய, அதை ஏன் கேக்குறே ராசா. நீ இருந்தாவாச்சும் மாடில மெதுவாப் பேசுவாக. நீ இல்லாத அஞ்சு நாளும் வளவுலயே நின்னு சத்தம் போட்டாக. நான் நாலு தடவை இருமினேன், ஒருத்தரும் காதுல வாங்கல."

தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பேரேட்டைத் தெறந்து காலியா இருந்த இடத்துல எழுதினான்: "செப்டம்பர், கேம்ப். தினமும். தகவல்: அப்பத்தா." "என்னால்" கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுச்சு, கோடு ஒண்ணு போட்டான். இத்தனைக்கும் அப்பத்தா ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல, நடந்ததைத்தான் சொன்னாக. எத்தனையோ டெக்னிக் படிச்சிருக்கேன், அந்த இருமல் கணக்கு பண்ண வேலையை நான் பண்ணியிருக்க முடியாது.

மூணாவது, கஷ்டமானது, அம்மா அப்பா. பேரேட்டை நான் அவங்ககிட்ட காட்டல, அவன் அனுமதிச்ச அந்த ரெண்டு பதிவை மட்டும் படிச்சுக் காட்டினேன். "கதவு: அப்பா"ங்கற இடத்துல அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். அம்மா "அடுப்பை எழுதி வச்சிருக்கானா"ன்னு மட்டும் கேட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு பேரும் முடிவெடுத்துட்டாங்க, பிரியறதுன்னு. மூணு வருஷமா எடுக்காத முடிவு. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் பெரிய சண்டை. அப்பாவுக்கு "கொஞ்ச நாளைக்கு"ங்கற வார்த்தை வேணும், அம்மாவுக்குக் காரணம் சொல்லியே ஆகணும், நகை விஷயம் உட்பட. ரெண்டையும் வேண்டாம்னேன். பேப்பர்ல எழுதி எழுதி அடிச்சு கடைசில நாலு வரி நின்னுச்சு: நாங்க ரெண்டு பேரும் இனிமே புருஷன் பொண்டாட்டியா வாழப் போறதில்ல, இது எங்க ரெண்டு பேருக்குள்ள வந்தது, நீ எங்க ரெண்டு பேருக்கு நடுவுல எந்தச் சேதியும் கொண்டு போக வேண்டாம், அப்பா திருச்சிக்குப் போறாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வளவுல உக்காந்து சொன்னாங்க, அப்பத்தாவும் தூணுல சாஞ்சுக்கிட்டு. இந்த மாதிரி நேரத்துல பிள்ளைங்க அழும், கத்தும்னு அவங்களைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூட்டி யாருக்கு?" டியூஷன் போகணுமே. ரெண்டாவது அப்பத்தாகிட்ட. நகரத்தார் கோவில்ல குடும்பங்களைப் பதியற கணக்குல கல்யாணம் ஆன ஜோடி ஒரு புள்ளி, ஒருத்தர் தவறிப் போனா அரைப்புள்ளின்னு அப்பத்தாவே சொல்லிக் குடுத்திருக்காக. "அப்ப இவங்க ரெண்டு அரைப்புள்ளியா அப்பத்தா?"

"புள்ளிக் கணக்கை கோவில்காரக பாத்துக்குவாக. நீ எந்திரிச்சு இட்லி திங்க வா"ன்னுட்டு உள்ள போயிட்டாகளாம். அன்னிக்கு ராத்திரிதான் அழுதிருக்கான், அப்பத்தா பக்கத்துல படுத்துக்கிட்டு.

இப்போ

எட்டு மாசம் ஆச்சு. வயித்து வலி மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, பெரும்பாலும் அப்பா வர்ற சனிக்கிழமைக்கு முந்தின நாள். எஸ்டிக்யூ 22-ல இருந்து 14. கட்டிலை மாடிப்படிக்குப் பக்கத்துல இருந்து எடுத்து முகப்புப் பக்கம் போட்டாச்சு, பதினொன்றரைக்குள்ள தூங்கிடறான். மார்க் ஒண்ணும் தூக்கலா இல்ல, கணக்குல 61. இல்லாம இருந்தா நல்லாருக்கும்ங்கற நெனப்பு பிப்ரவரிக்கு அப்புறம் வரலைன்னு சொல்றான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேக்கறேன்.

எல்லாம் சரியாயிடல. அம்மா இன்னும் சில நாள் "உங்கப்பா பணம் போட்டாராமா"ன்னு அவன்கிட்டயே கேட்டுடறாங்க, கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கறாங்களாம். அப்பா ரெண்டு சனிக்கிழமை வரல, ஒரு தடவை ஃபோனும் பண்ணல. அம்மா வழி அம்மான் ஒருத்தர் "இந்த கவுன்சிலர்தான் குடும்பத்தைப் பிரிச்சது"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார், நூறடி ரோட்டுல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறார். கோர்ட்ல மனு இன்னும் போடல. இந்த வருஷம் பிள்ளையார் நோம்புக்கு யார் யார் வளவுல நிப்பாங்கங்கறது முடிவாகல, அப்பத்தா மட்டும் "இழை எடுக்க வர்றவுகளை வராதன்னு சொல்ல நான் யாரு"ன்னு சொல்லிட்டாக.

போன வாரம் கடைசியா வந்தப்போ பேரேடு என்னாச்சுன்னு கேட்டேன். பேக்லதான் இருந்துச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு, வாங்கிப் பாத்தேன். ஜனவரிக்கு அப்புறம் சண்டைப் பதிவு ஏழுதான், மார்ச்சோட நின்னுருச்சு. ஒரு பக்கம் வெள்ளையா விட்டு, மேல சிவமயம் போட்டு, புதுசா ஆரம்பிச்சிருக்கான், கிரிக்கெட் கணக்கு. பந்து வாங்கினது, டர்ஃப் வாடகை, யார் யார் எவ்வளவு பாக்கின்னு. அவங்க அப்பா பேர்லகூட 200 ரூபா நிக்குது, பேட் கிரிப்புக்கு.

பொரட்டிக்கிட்டே வந்தவ கடைசில என் பேரைப் பாத்து நின்னுட்டேன். என்னடா இதுன்னேன்.

"டிசம்பர்ல ஒரு பேனா வாங்கினீங்களே மிஸ். இன்னும் திருப்பித் தரல."